கணப்பின் பிடி

லெனின்கிராட், 1935 பிப்ரவரி 27

எதிர்வீட்டு முன்னாள் பிரபுவையும் அவர் மனைவியையும், பிரபு வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக, ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள். அதைப் பார்த்து நின்றதில் முட்டைக்கோஸ் சூப் தீய்ந்துவிட்டது.

"நீ இப்ப டிராம் மெக்கானிக் பொண்டாட்டி. பேசாம இரு" என்கிறார் யெகோர். நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு எங்கள் முரோமின்ஸ்கி இளவரசர் குடும்பத்து மாளிகை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இதை எப்போதோ அறை அறையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்; போன மாதம், நான் பிறந்த வீட்டிலேயே எங்களுக்கும் ஓர் அறை விழுந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே! இதை எழுதுவதும் ஆபத்துதான். எழுதாவிட்டால் உளறிவிடுவேன்.

மார்ச் 3

ஐயோ, என்ன காரியம் செய்தேன்!

பொதுச் சமையலறையில் பழைய கணப்பு புகையைக் கக்கியது. எல்லோரும் இருமினார்கள். என் கை தானாகப் போய், அதில் பதித்த நீலப்பூ ஓடு ஒன்றைத் தள்ளி, உள்ளே மறைந்திருந்த புகைவழிப் பிடியைத் திருகிவிட்டது. சிறுவயதில் சமையற்காரிக்குச் செய்து கொடுத்த வேலை. புகை நின்றது.

"ஏம்மா க்செனியா, பத்து வருஷமா இங்க கெடக்குற எனக்கே தெரியாது. நேத்து வந்த உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கிளாஃபிரா. அவள் அண்ணன் குடியிருப்புக் கமிட்டியில் இருக்கிறான்; அவன் காதில் விழுவது போலீசுக்கும் போகும்.

நான் கையில் ஒட்டிய கரியைத் துடைத்தேன்.

"நான்தாம்மா சொன்னேன்" என்று குரல் வந்தது. மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பியானோ வாத்தியார் ஆர்கடி ல்வோவிச். "அந்தக் காலத்துல இந்த வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருவேன்."

"அடேயப்பா, இளவரசர் வீட்டு உப்பைத் தின்ன ஆளா நீங்க!" என்று சிரித்தாள் கிளாஃபிரா.

அவர் வந்ததே இல்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஜெர்மன்காரி.

மார்ச் 4

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே போலீஸ்தான் என்று விளக்கை அணைத்துவிடுகிறேன். ஏன் பொய் சொன்னார்? நான் யாரென்று எப்படிக் கண்டுபிடித்தார்?

மார்ச் 9

இளவரசர்களின் ஆள் என்று ஆர்கடி ல்வோவிச்சைக் கஜகஸ்தானுக்கு அனுப்புகிறார்கள். நான் போய் உண்மையைச் சொல்லலாம். என் மகள் தாயாவுக்கு ஐந்து வயதுதான் — என்னைப் பிடித்துக்கொண்டால் அவள் கதி? எனக்குப் பயமா இருக்கு. பயம் மட்டும்தான் இருக்கு.

மார்ச் 12

அவர் கிளம்புமுன், பயணத்துக்கு முன் உட்கார்ந்து எழும் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் சற்றுநேரம் உட்கார்ந்தோம். கிளாஃபிராகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க நல்லா வெயிலடிக்குமாம், என் மூட்டுவலிக்கு ஆகும்" என்று எழுந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. மற்றவர்கள் சந்தேகப்படக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 20

அவர் அறையையும் எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் என் அம்மாவின் அறை அது. யெகோர் அதில் கட்டிலையும் போட்டுவிட்டார்.

மாலையில் கணப்பு மறுபடி புகைந்தது. "க்செனியா, அது எந்த ஓடுன்னு காட்டேன்" என்றாள் கிளாஃபிரா.

"மறந்துபோச்சு" என்றேன்.

தாயா இருமிக்கொண்டே இருந்தாள். நான் போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.