பெயருக்குக் காத்திருக்கும் பிள்ளை

நம் மகளின் அப்பாவுக்கு,

அல்மாட்டியிலிருந்து வந்த பேருந்து பனிப்புயலில் சிக்கிய செய்தியை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாத ஒரு பெரியவர் எல்லோரையும் காப்பாற்றினார் என்றார்களே, அது உங்கள் அப்பாதான்.

குதிரை கட்டும் கயிறுகளையெல்லாம் ஒன்றாக முடிந்து, ஒரு முனையை நம் வாசல் தூணில் கட்டிவிட்டு, மறுமுனையோடு சாலைக்குப் போனார். கண் தெரியாத பனியில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை பேரும் நம் வீடு வந்து சேர்ந்தார்கள். "மொதல்ல டீயக் குடிங்க, அப்புறம் அழலாம்" என்று அதட்டினார். என்ன மனிதர்!

உள்ளே வந்த ஒவ்வொரு இளைஞனின் முகத்திலும் பனியைத் துடைத்து உற்றுப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று உங்களுக்கே தெரியும்.

நிருபர் பெயர் கேட்டபோது, "எம் பொண்ணோட தாத்தா" என்றுதான் சொன்னேன். மாமனார் பெயரை நான் எப்படிச் சொல்வது?

பேருந்தில் வந்த ரவுஷானுக்கு நம் அடுப்படியில் ஆண் குழந்தை பிறந்தது. காப்பாற்றியவரின் பெயரைத்தான் வைப்பேன் என்று தினமும் போன் செய்கிறாள். அவரோ, "எம் பேரு எதுக்கும்மா? பெத்த புள்ளையே அதச் சொல்ல மாட்டேங்கிறான்" என்று போனை என்னிடம் நீட்டிவிடுகிறார்.

அவளுடைய எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் மரியாதையால் சொல்லவில்லை, நீங்கள் கோபத்தால் சொல்லவில்லை. நடுவில் ஒரு பச்சைக் குழந்தை இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறது.

தூணில் கட்டிய கயிற்றை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

உங்கள் மனைவி