இடுப்பு பிரிக்காத இரண்டு பேன்ட்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் அறைத்தோழன் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவனிடம் கொடுத்தனுப்பிய இரண்டு பேன்ட்டும் கிடைத்தன. இடுப்பைப் பிரித்து லூசாக்கித் தரச் சொல்லியிருந்தாய். அம்மா கை பட்டால்தான் சரியாக இருக்கும் என்று ஒரு சீட்டு வேறு. ஐஸ் வைப்பதில் உன் அப்பாவையே மிஞ்சிவிட்டாய். ஆனால் பேன்ட் வந்த மாதிரியே திரும்பி வருகிறது. ஒரு தையலும் பிரிக்கவில்லை. இஸ்திரி மட்டும் போட்டேன். கோபப்படுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் தோழன் நல்ல பையன். பார்க்கத்தான் கொடிக்கம்பி மாதிரி இருக்கிறான், வாய் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது. "அம்மா, அவன் வர்றதுக்கு முன்னாடி அவன் வயிறு ரூமுக்குள்ள வந்துடும்" என்றான். உன் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். கிடங்கில் வண்டியில் உட்கார்ந்தபடியே பெட்டி ஏற்றுகிறாயாம். பக்கத்திலேயே மிட்டாய் விற்கிற மெஷினாம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்றாம். கம்பெனியில் இலவசமாக ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஆள் வந்த அன்று, நீ கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாயாமே! அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒரு கையால் திருப்பிய உன் அப்பாவும் ஊசி என்றால் இப்படித்தான் பம்முவார். அவருக்குச் சர்க்கரை இருந்ததே கடைசிவரை நமக்குத் தெரியவில்லை.

இனி உன் தங்கை சமாச்சாரம். அப்பா போன பிறகு அவள் தானாகப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை என்றார்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேசுகிற வேலை, கையில் பிஸ்கட், வேறு என்ன ஆகும்? பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட சின்ன வயசுக்காரர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள். அதில் சேர்ந்துவிட்டாள். பிஸ்கட்டுக்குப் பதிலாகக் காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி பாதாம், முந்திரி, வால்நட் என்று தின்ன வேண்டும். உப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. சின்னச் சின்னப் பொட்டலமாக அவர்களே தருகிறார்கள்.

சப்பென்று இருக்கிற அதைப் பிள்ளை அணில் மாதிரி கொறிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் பொட்டலங்களை வெட்டி, எண்ணெயில் வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிவைத்தேன். வந்தவள், "இன்னைக்கு என்னம்மா இவ்ளோ நல்லா இருக்கு!" என்று இரண்டு பொட்டலத்தைக் காலி செய்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நீ அம்மாவா, மசாலா கம்பெனியா?" என்று வீட்டை இரண்டாக்கிவிட்டாள். ஆராய்ச்சியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அழுகை வேறு. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு நானே போய், ஆராய்ச்சி நடத்துகிற டாக்டர் பெண்ணிடம் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு, "இனிமே பொட்டலத்தை அம்மா கண்ணுல காட்டாதே" என்று அவளிடம் சொல்லிப் புதுசு கொடுத்தது. வறுத்ததை நானும் பக்கத்து இஸ்திரிக் கடைக்காரரும் தின்று தீர்த்தோம். அடுத்த வறுவல் எப்போது என்று அவர் இன்னும் கேட்கிறார்.

கொட்டையெல்லாம் கொழுப்பாச்சே, இவள் இன்னும் ஊதிவிடுவாளே என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். மாதங்கள் போயும் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எடை மெஷின் கெட்டுவிட்டது என்றேன். போன வாரம், "பேன்ட் நிக்கவே மாட்டேங்குது, பிடிச்சுக் குடும்மா" என்று வந்து நின்றாள். டேப்பை வைத்தேன். இடுப்பு நிஜமாகவே உள்ளே போயிருக்கிறது! ரத்தத்திலும் சர்க்கரை இறங்கியிருக்கிறதாம். கொட்டை மந்திரமில்லை, பிஸ்கட்டை விட்டதும் சேர்ந்துதான் இது, எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று இல்லை என்று டாக்டர் பெண் சொன்னது. இருக்கட்டும். கடையில் ஊருக்கெல்லாம் தைக்கிறேன், நம் வீட்டில் நான் இடுப்பைப் பிடித்துத் தைத்தது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு இடுப்பை விட்டுக்கொடுத்துத்தானே எனக்குப் பழக்கம். "சந்தோஷத்துல உடம்பு பூரிக்குது, விடுடி" என்பார். நானும் சிரித்துக்கொண்டே பிரிப்பேன். கடைசி யூனிஃபார்மில் பிரித்து விட உள்ளே துணி இல்லை. வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டேன். அந்த பேன்ட்டோடுதான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

உன்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே துணி தாராளமாக இருக்கிறது. இன்னும் எத்தனையோ தடவை விடலாம். அதைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

பேன்ட்டுக்கு நடுவே ஒரு பை வைத்திருக்கிறேன். பாதாமும் வால்நட்டும். சத்தியமாக வறுக்கவில்லை. மிட்டாய் மெஷின் பக்கம் கை போகும்போது இதில் ஒரு பிடி எடு. ஒரே நாளில் காலி பண்ணாதே, உன் தோழனுக்கும் கொடு. அதற்குக் கூலியாக அவன் உன்னை ஒரு காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போவான். பேசி வைத்திருக்கிறேன். ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு என்னைத் திட்டு. என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது. நல்லதோ கெட்டதோ, தெரிந்தால் நான் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் இன்னொரு தடவை தாங்க முடியாது.

நீ நன்றாக இருப்பாய். அப்பா போய்விட்டார், அடுத்தது நான். அதற்கப்புறம் வெகுகாலம் கழித்து, தலையெல்லாம் நரைத்து, பேரப்பிள்ளைகள் உன்னைக் கேலி செய்து ஓய்ந்த பிறகுதான் உன் முறை. இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதே, என் ராசா.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா