உரித்தெடுத்த ஸ்டிக்கர்கள்

மந்தாரக்குப்பம்,
8.6.2024

நந்தினிக்கு,

நீ பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கடலூர் மாவட்டத்தில் மக்களிடமிருந்து திரும்பப் பெற்ற 212 பிரிட்ஜ்களையும், அவற்றைச் செய்து விற்ற உங்கள் கம்பெனியே முறையாகப் பிரித்து, உள்ளே இருந்த கேஸைப் பத்திரமாக எடுத்து, மறுசுழற்சி செய்து முடித்துவிட்டதாக உன் பெயரில் வந்த அறிக்கையைப் படித்தேன். அவற்றில் 180 பிரிட்ஜ் எங்கள் பட்டறைக்குப் பின்னால்தான் இறங்கியது, அறுத்தது போக 169 இன்னும் நிற்கிறது. இதை எழுதும்போது ஜன்னலில் தெரிகிறது. ஒன்றின் மேல் ஆடு ஏறிப் படுத்திருக்கிறது. அறிக்கையின் அட்டையில் நீ வேப்பங்கன்று நடுகிறாய். புடவை நன்றாக இருந்தது.

உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது. அதனால் பதிவுத் தபால், உன் ஆபீஸ் முகவரிக்கே.

மே 20ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, எங்கள் அண்ணன் இளவழகன் அந்தக் குவியலில் ஒரு பிரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றப் பைப்பில் கேஸ் வெல்டிங் டார்ச் வைத்தான். தீ அவன் முகத்துக்குப் பாய்ந்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. இடது காது இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.

நாம் இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம்தான். பழைய பிரிட்ஜில் 134ஏ கேஸ். அது எரியாது, காற்றில் விட்டால் ஊரைச் சூடாக்கும். பிறகு வந்தவற்றில் 600ஏ. அது சமையல் கேஸுக்குப் பங்காளி, நெருப்பைக் கண்டால் விடாது. எதில் எது என்று பிரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அண்ணன் கை வைப்பான். வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும். இந்த 180 பிரிட்ஜிலும் ஸ்டிக்கர் இல்லை. உங்கள் ஆபீஸில் இருக்கிறது.

கேஸை யார், எங்கே, எந்த மெஷினை வைத்து எடுத்தீர்கள்? பதில் எழுது.

இசைப்பிரியா


சென்னை,
24.6.2024

அன்புள்ள பிரியா,

அண்ணன் விஷயம் படித்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வடலூர் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் படியில் தொங்கிக்கொண்டு வந்த அண்ணன். அம்மாவிடம் போனில் சொன்னேன், அழுதார்கள். "நம்ம பிரியா வீட்டுக்கா இப்படி" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் உன்மேல் எனக்கு வருத்தம். ஆபீஸுக்குத் தபால் அனுப்பலாமா? கீழே ரிசப்ஷனில் பிரித்துத்தான் மேலே அனுப்புவார்கள். இனி வீட்டு முகவரிக்கு எழுது, கீழே கொடுத்திருக்கிறேன்.

நீ நினைப்பது மாதிரி கம்பெனி பிரிட்ஜைக் கையால் தொடுவதே இல்லை. மறுசுழற்சி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். இத்தனை டன் முடித்தேன் என்று அவர் சான்றிதழ் கொடுப்பார், நாங்கள் அதை வாங்கிக் கணக்குக் காட்டுவோம். மார்ச் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை வந்தாக வேண்டும், இல்லையென்றால் அபராதம். நான் பார்ப்பது எக்ஸெல் ஷீட்டும் ஸ்டிக்கர் போட்டோக்களும் மட்டும்தான். நான் என்ன லாரியிலா போக முடியும்?

இன்னொன்று. ஸ்டிக்கர் எங்கள் ஆபீஸில் இருக்கிறது என்று எழுதினாயே, அதை உரித்தது யார் என்று ஏன் எழுதவில்லை? உனக்கும் ஒரு வருமானம் வரட்டுமே என்றுதான் அந்த மறுசுழற்சிக்காரர் தமிழ்மாறன் சாரிடம் உன் பட்டறையைச் சொன்னேன். ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டாய். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னவளும் நீதான்.

நடந்தது விபத்து. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் கொஞ்சம் அனுப்புகிறேன், மறுக்காதே.

என்றும் அன்புடன்,
நந்தினி


மந்தாரக்குப்பம்,
2.7.2024

நந்தினிக்கு,

உரித்தது நான்தான். இதை எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். உன்னைப் போல "மேலே உள்ள தகவல்கள் பெறப்பட்ட ஆவணங்களின் அடிப்படையில்" என்று அடியில் ஒரு வரி சேர்க்கவில்லை.

பிப்ரவரி 3ஆம் தேதி சனிக்கிழமை. எக்ஸ்சேஞ்ச் மேளாவில் மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர்கள் கொடுத்த பழைய பிரிட்ஜையெல்லாம் கடைக்காரர் எங்கள் பட்டறையில் இறக்கியிருந்தார். தமிழ்மாறன் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் உங்கள் கம்பெனி பெயர் போட்ட அட்டை. ஹேர் டிரையரில் சூடாக்கி பிளேடால் நெம்பினால் ஸ்டிக்கர் கிழியாமல் வரும் என்று செய்து காட்டினார். நான் உரித்தேன், அவர் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து பைலில் ஒட்டினார்.

"பிரிட்ஜ எப்பங்க எடுத்துக்கினு போவீங்க?"

"லாரி பின்னாலயே வருதும்மா. வடலூர் தாண்டிடுச்சு."

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "எந்த கேஸுன்னு அதுலதான எழுதி இருக்குது, அத்தயும் உரிச்சிகினு கீற?" என்றான்.

"லாரி வந்துகினு கீதுண்ணா. நம்ம என்னா அத்த வெச்சி குடும்பமா நடத்தப் போறோம்?" என்றேன்.

லாரி வரவில்லை. மார்ச் வந்தது, உங்கள் எண்ணிக்கை நிறைந்தது, தமிழ்மாறன் போனை எடுப்பதை நிறுத்தினார். மூன்று மாதம் வெயிலிலும் நிலக்கரித் தூசியிலும் கிடந்ததில் கம்ப்ரசர் மேலே இருக்கிற, எரியும் கேஸ் என்று எச்சரிக்கும் மஞ்சள் முக்கோணம்கூட மறைந்துவிட்டது. பட்டறை இடத்துக்குச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். அண்ணன் அறுக்க ஆரம்பித்தான். முதல் பத்து பிரிட்ஜும் பழசு, 134ஏ, ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றாவது அப்படி இல்லை. அந்த ஸ்டிக்கரை உரித்த பிளேடு என் கையில் இருந்தது. இது எனக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் நீ சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். செய்து விற்றவனே திரும்ப எடுத்துப் பொறுப்பாக அழிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, "இனிமே உன்ன மாதிரி ஆளுங்களுக்கு நல்ல காலம்டி" என்று போனில் சொன்னது நீ. நீங்கள் எடுத்துக்கொண்டது ஸ்டிக்கரை. பிரிட்ஜையும் கேஸையும் நெருப்பையும் எங்களுக்கு விட்டீர்கள். உன் அப்பா பழனிசாமிக்கு நிலம் இருந்தது, நிலக்கரி மைன்ஸுக்குக் கொடுத்து அங்கேயே வேலையில் பெர்மனென்ட் ஆனார். அதே நிலத்தில் நாற்று நட்ட எங்கள் அம்மா வீரம்மாளுக்கு ஒன்றும் இல்லை. பங்கு பிரிக்கிற முறை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

உன் அம்மாவின் அழுகையைப் பற்றி எழுதினாய். உங்கள் குவார்ட்டர்ஸுக்கு நான் வரும்போதெல்லாம் உன் அம்மாதான் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். நான் கை வைக்கப் போனால், "இரும்மா, நான் எடுத்துத் தரேன்" என்பார். அந்த பிரிட்ஜ் ரிப்பேர் ஆனபோது மட்டும் தோள் வரைக்கும் உள்ளே கையை விட்டேன். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்று மாங்காய் தின்றாய்.

இப்போது நடப்பதைக் கேள். வீட்டு சிலிண்டரை வைத்து அறுத்தான், அது வெடித்தது என்று அண்ணன் மேலேயே வழக்கு எழுதியிருக்கிறார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்.

"பிரிட்ஜு யாருது?"

"கம்பெனியுதுங்க. டோர்லயே பேரு கீதுங்க."

"ஊர்ல பாதி வூட்ல அந்தப் பேருதான் இருக்குது. நம்பர் காட்டு."

"நம்பர் இல்லீங்க, உரிச்சிட்டாங்க."

"யாரு உரிச்சது?"

"நான்தாங்க."

அவர் சிரித்துவிட்டார். "நம்பர் இல்லன்னா அது உன்னுதுதாம்மா, போ."

பிப்ரவரி 3ஆம் தேதி எடுத்த ஸ்டிக்கர் போட்டோ அத்தனையும் உன் பைலில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறது, கேஸின் பெயர் இருக்கிறது, பின்னால் எங்கள் பட்டறைச் சுவர் இருக்கிறது. அந்தத் தேதிப் பக்கத்தை அனுப்பு. எடுத்த பொருள் உங்களுடையது, எரிந்தது வீட்டு சிலிண்டர் இல்லை என்று அது ஒன்றுதான் சொல்லும். உன் பணம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இசைப்பிரியா


சென்னை,
15.7.2024

பிரியா,

நீ எழுதியிருப்பதில் பாதி கோபம், பாதி பழைய கதை. அம்மாவைப் பற்றி எழுதியதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உனக்குச் சாப்பாடு போட்ட கை அது.

பைல் கம்பெனியுடைய சொத்து. நினைத்தவுடன் ஒரு பக்கத்தைக் கிழித்து அனுப்ப முடியாது. எங்கள் சட்டப் பிரிவில் யார் பெயரும் சொல்லாமல் பேசிப் பார்த்தேன். ரெக்கார்டுபடி அந்த 212 பிரிட்ஜும் மார்ச்சிலேயே மறுசுழற்சி ஆகிவிட்டது. ஆகிவிட்ட பிரிட்ஜ் மே மாதம் உன் பட்டறையில் எப்படி எரியும் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உனக்காக ஒரு வழி பார்த்திருக்கிறேன். தமிழ்மாறன் சார் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறார். மீதி பிரிட்ஜையும் ஒரே நாளில் லாரி வைத்து எடுத்துவிடுவார். அந்த பிரிட்ஜ் எல்லாம் சேத்தியாத்தோப்புப் பக்கம் காயலான் கடைகளில் வாங்கியது என்று நீ ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணனுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும். வழக்கு சின்னதுதான், வெளியில் வந்துவிடலாம்.

எனக்கு இப்போதுதான் வேலை கன்பர்ம் ஆகியிருக்கிறது. நான் கஷ்டப்பட்டதும் உனக்குத் தெரியும். யோசித்து முடிவு செய்.

நந்தினி


மந்தாரக்குப்பம்,
29.7.2024

நந்தினிக்கு,

லாரி வந்தது. வடலூரைத் தாண்ட அதற்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. கூட இரண்டு பேர், கையில் நீ சொன்ன பேப்பர். வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து அம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்தார்கள்.

அண்ணன் முந்தின வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். கட்டிலில் இருந்தபடியே, "கையெழுத்து போட்டு அனுப்புடி, பாவம், தேடிகினு வந்துக்கிறாங்க" என்றான். "பேனா புடிக்க வெரலு இருந்தா நானே போட்டு இருப்பன்" என்றும் சொன்னான். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. அவன் முகத்தில் இப்போது எதையும் படிக்க முடிவதில்லை. தோல் இழுத்துக்கொண்டிருக்கிறது. வலது கைக்கு இன்னும் இரண்டு ஆபரேஷன் இருக்கிறது, செய்தால் கட்டைவிரல் அசையும் என்கிறார் டாக்டர். ஆகவே நீ எதை விலை பேசுகிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் அவன் காயலான் கடைச் சரக்கை வாங்கி வந்து தன் முகத்தில் தானே நெருப்பு வைத்துக்கொண்டவன் ஆவான். லாரி காலியாகத் திரும்பியது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் அம்மா சோறு ஊட்டும்போது, "அவளயும் சாப்டச் சொல்லு" என்றான்.

ஆகிவிட்ட பிரிட்ஜ் எப்படி எரியும் என்ற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதினாய். தெரியும். பரீட்சையில் எனக்கு அடுத்த மார்க் வாங்கியவள் நீ. கேஸை எடுக்காமல் விட்டால் உள்ளேயே இருக்கும். இதைச் சொல்ல சட்டப் பிரிவு தேவையில்லை, முதல் வருடப் பையன் சொல்வான். நீ முட்டாள் என்றால் மன்னித்திருப்பேன்.

உன் வேலை உறுதியானதற்கு வாழ்த்தச் சொல்கிறாயா? எந்த மார்ச் எண்ணிக்கையால் உறுதியானது என்று ஒருமுறை எண்ணிப் பார்.

பக்கத்தை அனுப்பு.

இசைப்பிரியா


மந்தாரக்குப்பம்,
2.9.2024

நந்தினிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நடுவில் ஆகஸ்ட் 14ஆம் தேதி இன்னொன்று எழுதினேன், அதற்கும் இல்லை. போன் எண்ணை மாற்றிவிட்டாய். உன் அம்மா எங்கள் தெருவில் காய் வாங்குவதை நிறுத்திவிட்டார், ஊரைச் சுற்றி மெயின் ரோட்டுக்குப் போகிறார்.

உங்கள் கம்பெனிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு ஆட்களுக்கும், கலெக்டருக்கும் மனுப் போட்டேன். கலெக்டர் ஆபீஸில் ரசீது கொடுத்தார்கள். உங்கள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கம்பெனி மேல் அக்கறை காட்டியதற்கு நன்றி, பழைய பிரிட்ஜைக் கொடுக்க வேண்டுமானால் இந்த இலவச எண்ணை அழையுங்கள் என்று இருந்தது. அழைத்தேன். ஒரு பெண் வரிசை எண்ணைச் சொல்லச் சொன்னாள்.

மழைக்காலம் வருகிறது. மீதி 169 பிரிட்ஜில் எதில் எந்த கேஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரையும் கிட்டே விடாமல் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

வரும் 18ஆம் தேதி அண்ணனுடைய வழக்கு. கைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கூண்டில் நிற்பான். உன் பெயரை நான் சொல்வேன், ஸ்டிக்கர் உரித்த என் பெயரையும் சொல்வேன். ஆனால் பேச்சைக் கேட்கமாட்டார்கள், பேப்பரைக் கேட்பார்கள்.

உன் மனசாட்சியைக் கேட்கவில்லை, நட்பைக் கேட்கவில்லை. 18ஆம் தேதிக்கு முன்னால் பிப்ரவரி 3ஆம் தேதிப் பக்கத்தை அனுப்பு.

இசைப்பிரியா