கோட்டுக்குக் கீழே நாலு

சுருளிப்பட்டி,
பிரமாதி வருஷம், தை மாதம்.

மதுரையில் வாத்தியார்களுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கும் என் அண்ணன் நல்லகண்ணு அவர்களுக்கு, தங்கை முருகம்மாள் வணங்கி எழுதுவது. தாங்களும் மதினியும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள். இங்கே உயிரோடு இருக்கிறோம். அதைச் சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெல் அறுத்தாயிற்று. பதர் அதிகம். செவலைக் காளைக்குக் கால் வீக்கம் வடிந்து வண்டியில் பூட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டது.

தங்கள் கடிதம் கிடைத்தது. "நாலெழுத்துப் படித்தவன் செய்கிற காரியமா இது? எல்லாம் அவன் அஜாக்கிரதை" என்று என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்ணில் படக்கூடாதென்று அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். தாங்கள் யார் யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூட இருந்தவள் சொல்லுகிறேன், கேளுங்கள்.

ஐப்பசி மழை விட்டதும் ஊரெல்லாம் குளிர்காய்ச்சல் வந்தது. என் மகள் பூமாரிக்கும் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை, கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்கினாள். அவர் கம்பத்துக்கு ஓடி, ஒரு இங்கிலீஷ் மருந்துக்காரரிடம் கொய்னா மாத்திரை வாங்கி வந்தார். அங்கே ஒரே கூட்டமாம். எப்படிக் கொடுக்கவேண்டுமென்று கேட்டதற்கு, "சீட்டுல எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல, போய்யா" என்று கம்பவுண்டர் விரட்டிவிட்டாராம்.

சீட்டில் ஒன்று போட்டு, அடியில் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே நாலு போட்டிருந்தது. மேலே இருப்பது மாத்திரை, கீழே இருப்பது வேளை என்று அவர் அர்த்தம் பண்ணினார். ஒன்றொன்றாக நாலு வேளை. அடுத்த வீட்டுச் சுப்புத்தாய் அத்தை, "பச்சைப்புள்ளைக்கு இம்புட்டா கொடுப்பாக?" என்று கேட்டாள். "எழுதியிருக்கு ஆத்தா" என்றார். எழுதியிருக்கிறது என்றபிறகு எங்களுக்கு வேறு பேச்சு ஏது? நானே தேனில் குழைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். பொட்டலம் தீர்ந்ததும் தபாலாபீசில் விற்கிற கொய்னாவையும் வாங்கி வந்து கொடுத்தோம்.

காய்ச்சல் விட்டது. அண்டி வீரன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை மட்டும் "காதுல வண்டு கத்துது ஆத்தா" என்று தலையை உலுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு வண்டும் கத்தவில்லை, எதுவும் கத்தவில்லை. ஒரு நாள் அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடம் உருண்டு விழுந்தது. நாய்கூட எழுந்து ஓடியது. அவள் திரும்பவில்லை.

உத்தமபாளையத்து டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அவரை வைத வசவை எழுதக் கை கூசுகிறது. ஒரு மாத்திரையை நாலாக உடைத்து ஒரு துண்டு கொடுக்கவேண்டுமாம். காது இனித் திரும்புவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார். "நீரு படிச்சவருதானவே, கால்னு தெரியலையா?" என்று கேட்டார்.

அண்ணா, அவருக்குக் கால் தெரியாதா? கால் படி அரிசி அளப்பார். கால் குழி நிலத்துக்குச் சண்டை போடுவார். கம்பவுண்டர் வாயால் "கால்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் பிள்ளை இன்று காது கேட்டுக்கொண்டிருப்பாள். கோட்டுக்குக் கீழே நாலு போட்டால் அதுவும் அதே கால்தான் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதை யார் சொல்லியிருக்க வேண்டும்?

வீடு திரும்பிய அன்று பரணில் கிடந்த சிலேட்டை எடுத்து, தாங்கள் கற்றுக்கொடுத்த பின்னக் கணக்கைப் போட்டார். மேலுக்கு மேல் பெருக்கினார், கீழுக்குக் கீழ் பெருக்கினார். விடை சரியாகத்தான் வந்ததாம். "இப்படித்தான் வாத்தியாரு சொல்லிக் கொடுத்தாக. இது மாத்திரைக்கும் ஆகும்னு சொல்லலையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. தொலைத்த பொருளைத் தேடுகிறவர் மாதிரிச் சொன்னார்.

குற்றம் சொல்லுவது நான். இன்ஸ்பெக்டர் வந்த அன்று தங்கள் வகுப்பு முழுக்க ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பித்ததாம். கரும்பலகையில் பின்னக் கணக்கை முதலில் முடித்துக் கைதட்டு வாங்கியவர் இவர்தானாம். தாங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! அந்தப் பெருமையில் தங்களுக்கு மதுரை கிடைத்தது. "என் முதல் மாணாக்கன் கருத்தக்கண்ணன், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டு" என்று எனக்கு இவரைக் கட்டிவைத்தீர்கள். மாப்பிள்ளை நல்லவர்தான். பாடம்தான் பொய்.

இப்போது ஊரில் யாராவது தபாலை நீட்டினால், "கண்ணு தெரியலப்பா" என்று நகர்ந்துவிடுகிறார். பிள்ளை எதிரே வந்தால் வயலுக்குப் போய்விடுகிறார். அவளோ தான் கற்ற சொற்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறாள். "ஆத்தா" மட்டும் இன்னும் நிற்கிறது. அதுவும் தேய்ந்துவிட்டது.

மதுரையில் காது வைத்தியர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டி வருகிறோம். நம்பி அல்ல, வராமல் இருக்க முடியாததால். அதற்கு முன் தங்கள் வகுப்புக்கு வருகிற இளவட்ட வாத்தியார்களிடம் ஒரு வெல்லக் கட்டியைக் கொடுத்து, இதில் கோட்டுக்குக் கீழே நாலு எது என்று உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் முழிக்கிறார்கள் என்று பாருங்கள். முழிக்கிறவர்களை வைய வேண்டாம்.

மாசிப் பச்சைக்குச் சாமி கும்பிட ஊருக்கு வரும்போது அவரிடம், "தப்பு உன்மேல் இல்லையப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் அவருக்கு ஏறவில்லை. வாத்தியார் சொன்னால்தான் நம்புவார். இன்னமும் அப்படித்தான் இருக்கிறார்.

இன்னொன்று. வரும்போது வாசலில் நின்று பூமாரியைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். நேரே உள்ளே போய், அவள் முகத்துக்கு முன்னால் உட்காருங்கள். சிரிப்பாள்.

சுருளி வேலவர் தங்களையும் மதினியையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

தங்கள் கூடப்பிறந்தவள்,
முருகம்மாள்