பனியனில் இருந்த எழுத்து

அன்பு மகள் அனுசுயாவுக்கு, தேவாரத்திலிருந்து அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா நன்றாக இருக்கிறார். நானும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை. போனில் என்றால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் வகுப்பில் உன்னோடு படித்த முத்துக்குமரன் இறந்துவிட்டான், உனக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பானே, அவன்தான். தேங்காய்க் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். போன செவ்வாய் காலை நான் மாத்திரை வாங்கப் போனபோது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவன் குப்புறக் கிடந்தான். ஜீப் ஓட்டும் சுரேஷ்கண்ணன் வண்டியை நிறுத்தி, “டீச்சர், ஆசுபத்திரில எறக்கி விட்ரவா? ஆளு யாருன்னு தெரியுதா?” என்றான். காலனி இளைஞர் மன்றத்தின் நீல பனியன், முதுகில் மன்றத்தின் பெயர். நான் அதைப் படித்தேனே தவிர முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. “காலனி ஆளுதேன்ப்பா, காலையிலயே ஊத்திருப்பான். தெளிஞ்சா எந்திரிச்சுப் போயிருவான்” என்றேன். “டீச்சரே சொல்லிட்டாக, அப்பறமென்ன” என்று சிரித்தபடி அவன் போய்விட்டான். நானும் வந்துவிட்டேன்.

அங்கே கிடந்தது முத்துக்குமரன்தான். அவன் குடித்ததே இல்லையாம் அனு. சுகருக்கு ஊசி போட்டுக்கொண்டு, லாரி வந்துவிட்டதென்று சாப்பிடாமல் ஓடி, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கிறான். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆசுபத்திரியில் சொன்னார்களாம். உன் மாமா குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்தபோது, பாவம் மனசு சரியில்லை என்று நாமே தூக்கி வந்தோம், அவரை வைத்து நம் தெருவையே யாரும் குடிகாரத் தெரு என்று சொன்னதில்லை. காலனியில் குடிக்கிற இரண்டு பேர் என் நினைவில் இருந்தார்கள், குடிக்காத இருநூறு பேர் இல்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குச் சராசரிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

துக்கத்துக்குப் போனேன். அவன் மனைவி மகாலட்சுமி, “டீச்சர் வந்திருக்காக, சேரப் போடுங்கப்பா” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் அங்கன இருந்திருந்தா அவுகள விட்டிருப்பீகளா டீச்சர்?” என்று அழுதாள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். சுரேஷ்கண்ணன் யாரிடமும் சொல்லவில்லை, என்னைக் கண்டால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அங்கே தெருவில் யாராவது விழுந்து கிடந்தால் முதலில் முகத்தைப் பார். உங்கள் மூவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வை: நாளைக் காலை மகாலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இதைத் தபாலில் போடுவேன். இது உன் கைக்கு வந்தால், அம்மா சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் அம்மா,
சுகிர்தம்