பொட்டு வைக்காத முகம்

என் செல்விக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இந்த ஒரு மாதமாக என் வயிற்றில் விழுந்த சோற்றைவிடச் சட்டையில் விழுந்த பெயிண்ட்தான் அதிகம். துவைக்கும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன், பாவம் நீ.

பதுளை டவுனில் சலூனுக்கு மேலே, நான் படம் வரையும் நம் அறை அப்படியேதான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மழை, மூடினால் டர்பன்டைன் வாடை. "இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே மாலைவரை அங்கே உட்கார்ந்திருப்பாயே, அதற்கு என்ன பெயர்? இப்போது திட்ட ஆளில்லாமல் நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

நூலக மண்டபத்தில் ஊர் ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தோம். எனக்கு ஐந்து படங்களுக்கு இடம் தந்தார்கள். ஆரம்பத்தில் கையே ஓடவில்லை. வரைய ஏதாவது கண்ணில் படுமா என்று ஹல்துமுல்லைக்குப் பஸ் ஏறி, பெரகலயிலேயே இறங்கிவிட்டேன். அங்கே ஒரு கடைக்காரர் நனைந்த முட்டைக்கோவா மூட்டைகள் மேல் நீலத் தறப்பாளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நீலம் பிடித்துக்கொண்டது. நாலு படங்களும் அதிலிருந்து மளமளவென்று வந்தன.

ஐந்தாவது நீ.

உன் அக்கா என்னோடு பேசாமலிருந்தது உனக்குத் தெரியுமா? உன் கருமாதிக்குப் பிறகு, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி மாலை போடச் சொன்னார். அந்த முறைத்த முகம் நீயில்லை, நான் மாட்டவில்லை. "ஊரு சனத்துக்கெல்லாம் வரையிறாரு, சொந்தப் பொஞ்சாதி படத்த மாட்ட மனசில்ல" என்று தன் நமுனுகுலத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டு, நம் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். உன் வழியில் எனக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம். அவரை எப்படியாவது திரும்ப அழைத்துவிட வேண்டும் என்றுதான் உன்னை வரைந்தேன்.

விடியக்காலையில் மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, நாடியில் நீர் சொட்ட, என்னைத் திட்ட வாயெடுக்கும் முகம். பொட்டு வைப்பதற்கு முந்திய முகம். நான் மட்டுமே பார்த்தது. இதைவிட நல்ல படம் நான் வரைந்ததில்லை, செல்வி. ஆனால் இந்த மழையில் எண்ணெய்ச் சாயம் எங்கே காய்கிறது? சலூன்காரர் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து உன் கன்னத்துக்குக் காற்று பிடித்தார். நீ பார்த்திருந்தால் அவருக்கும் திட்டு விழுந்திருக்கும்.

ஈரத்தோடுதான் மாட்டினேன். சொல்லியனுப்பியிருந்தேன்; திறப்பு நாளில் அக்கா வந்தார், தோட்ட லயத்துப் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு, எல்லோரும் கலியாணச் சேலையில். நேராக உன் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏன் தம்பி, எங்க வீட்டுப் புள்ள என்ன மூளியா?" என்றார் அக்கா. "சுமங்கலியா போனவளுக்கு நெத்தியில ஒரு பொட்டு இல்லாம..."

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோயில் குங்குமத்தை விரலில் தொட்டு, உன் நெற்றியில் அழுத்திவிட்டார்.

"அக்கா, இன்னும் காயல!" என்று கத்தினேன்.

"காயாட்டி என்ன? நல்லா ஒட்டும்."

மண்டபமே பார்த்தது. விரல் சாயத்துக்குள் புதைந்து, சிவப்பு புருவம்வரை இழுபட்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. துடைக்கத் துணியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அக்கா படத்தோடு பேசுவது காதில் விழுந்தது.

"அன்னைக்கு கை நடுங்கிப் போச்சு பாப்பா. கோணலா வச்சு அனுப்பிட்டேன்."

உன்னை எடுக்கும் முன் உனக்குப் பொட்டு வைத்தது அவர்தானே. நான் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் மழையில் நின்றேன். அந்த மனுசி இத்தனை நாளும் ஒரு கோணல் பொட்டைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார், நான் அதைப் படம் மாட்டாத கோபம் என்று நினைத்திருக்கிறேன். துணியைக் கீழே வைத்துவிட்டேன். அழுதேன், மறைக்கவில்லை.

பிற்பாடு எல்ல டவுனில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் படத்தை விலைக்குக் கேட்டார். அந்தச் சிவப்பை மட்டும் துடைத்துத் தர முடியுமா என்றார். முடியாது என்றேன். படம் அக்கா வீட்டுக்குப் போகிறது என்றேன்.

பஸ் ஏறும்போது அக்கா திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழம படத்தக் கொண்டாங்க தம்பி. நம்ம வீட்டுலயே சாப்புடலாம். ரொம்ப எளச்சுப் போயிட்டீங்க."

பொட்டில்லாத அந்த முகம் இனி எனக்கு மறுபடியும் வருமா, செல்வி? தெரியவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை போகிறேன். அக்கா உனக்குப் பொட்டு வைப்பார். இந்த முறை நான் வெளியே போகமாட்டேன். பக்கத்திலேயே நின்று, அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
உன் அக்காவுக்கு மறுபடியும் தம்பி.