என் வூட்டுல செல்வி

ஆவணி, முதல் வெள்ளி.

வூட்ட வாங்கறதுக்குப் பாக்க இன்னிக்கு தியாகதுருகத்துலேர்ந்து ஒரு குடும்பம் வந்துது. காலையிலயே புரோக்கர் போன் பண்ணினாரு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவங்க சகுனம் பாக்கறவங்க. பக்கத்து வூட்டு செல்வி கதவத் தெறக்கட்டும்."

என் வூட்டுக்காரரு போய்ச் சேந்து எட்டு மாசம் ஆவுது. தாலி இல்லாதவ எதுர்ல நின்னா ஆவாதாம். சரின்னுட்டேன்.

செல்வி தல நிறைய பூ வெச்சிக்கினு என் வாசல்ல நின்னா. நான் அவ வூட்டு ஜன்னலாண்ட உக்காந்துக்கினு பாத்தேன்.

"வூட்ட இன்னா சுத்தமா வெச்சிருக்கீங்க!"ன்னு அந்தம்மா சொன்னது காதுல வுழுந்துது. செல்வி சிரிச்சா.

அவங்களுக்குப் புடிச்சிருக்காம். பத்திரத்துல கையெழுத்துப் போட மட்டும் நானே வரணுமாம்.

அவங்க போனப்புறம் வந்து, என் வூட்டுக் கதவையே தட்டிட்டு நின்னேன்.

செல்வி தெறந்தா. "உள்ள வாங்கக்கா"ன்னா.